பழைய மோட்டார் சைக்கிள் மியூசியத்தில் எதைப் பார்ப்பது?

கேள்வி: பழைய மோட்டார் சைக்கிள் மியூசியம் ஒன்றுக்குப் போனேன். பத்துப் பதினைந்து வண்டிகள் பார்த்ததுமே எல்லாம் ஒரே மாதிரி தெரிய ஆரம்பித்துவிட்டது. எப்படித்தான் பார்ப்பது?

பதில்: எல்லாவற்றையும் பார்த்துவிட நினைத்தால் அப்படித்தான் ஆகும். முதலில் எங்கேயும் நிற்காமல் ஒரு சுற்று நடந்துவிடுங்கள். அப்புறம் மனதில் நின்ற ஐந்தாறு வண்டிகளிடம் மட்டும் திரும்பிப் போய், இதை எப்படி ஓட்டியிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். 1910, 20களில் வந்த பல வண்டிகளில் திருகுகிற ஆக்சிலேட்டரே கிடையாது, பெட்ரோலுக்கு ஒரு லீவர், காற்றுக்கு ஒரு லீவர், எஞ்சினுக்குள் தீப்பொறி விழும் நேரத்தை (ஸ்பார்க் டைமிங்) முன்னே பின்னே தள்ள இன்னொன்று என்று ஹேண்டில்பாரே லீவர்களால் நிறைந்திருக்கும். கியர் கம்பி டேங்க் பக்கத்தில் இருந்தால், கியர் மாற்ற ஒரு கையை எடுத்தே ஆக வேண்டும். எஞ்சினுக்கு ஆயில் போவதும் பல வண்டிகளில் தானாக நடக்காது, ஓட்டிக்கொண்டே கைப்பம்பை அழுத்த வேண்டும், அதுவும் எவ்வளவு நேரத்துக்கு ஒரு தடவை என்பதை அனுபவத்தில்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தக் காலத்து சாலையில் இத்தனையும் செய்துகொண்டு போனவர்களை நினைத்தால் எனக்கு இன்றும் பிரமிப்புதான்.

அங்கிருந்து பிஎம்டபிள்யூவின் 1923 ஆர்32-க்கு வாருங்கள். சிலிண்டர்கள் இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும், பின் சக்கரத்தைச் சுற்ற செயினுக்குப் பதில் ஷாஃப்ட் என்கிற சுழலும் தண்டு. அதே அமைப்பில் இன்றும் அவர்கள் வண்டி செய்கிறார்கள். அடுத்து 1969-ல் வந்த ஹோண்டா சிபி750: நான்கு சிலிண்டர், முன் சக்கரத்தில் டிஸ்க் பிரேக், பட்டனை அழுத்தினால் ஸ்டார்ட். இப்படி ஒரு வரிசையாகப் பார்த்துவிட்டால் அப்புறம் எதுவும் ஒன்றுபோலத் தெரியாது.

கேள்வி: சில வண்டிகள் புத்தம் புதிதாக மின்னுகின்றன, சிலவற்றைத் துருவோடு அப்படியே வைத்திருக்கிறார்கள். எது சரி?

பதில்: நான் துருவின் பக்கம். பெயின்ட் எப்போது வேண்டுமானாலும் அடிக்கலாம், முழங்கால் உரசி உரசி டேங்கில் தேய்ந்துபோன இடத்தைத் திரும்பக் கொண்டுவர முடியாது. ஆனால் எல்லாவற்றுக்கும் இதே பதில் இல்லை. இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் அருகே உள்ள தேசிய மோட்டார் சைக்கிள் மியூசியத்தில் 2003-ல் தீப்பிடித்து ஏராளமான வண்டிகள் கருகிப்போயின, அங்கே சரிசெய்யாமல் விட்டிருந்தால்தான் தப்பு. 1885-ல் ஜெர்மன் பொறியாளர் டைம்லர் செய்த, முதல் பெட்ரோல் மோட்டார் சைக்கிளாகக் கருதப்படும் மரச்சட்ட ‘ரைட்வாகன்’ 1903 தீ விபத்தில் அழிந்துவிட்டது, அதனால் எங்கே பார்த்தாலும் பிரதிதான். அது பரவாயில்லை, பிரதி என்று பலகையில் எழுதியிருந்தால் போதும்.

அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் இருக்கும் ஹார்லி டேவிட்சன் மியூசியத்தில் ஒரு வண்டி இருக்கிறது. 2011 சுனாமியில் ஜப்பானிலிருந்து அடித்துக்கொண்டு போய், பசிபிக் கடலைக் கடந்து, அடுத்த வருடம் கனடா கரையில் ஒதுங்கியது. சரிசெய்து தருகிறோம் என்று நிறுவனம் சொல்லியும் உரிமையாளர் வேண்டாம் என்றுவிட்டார், சுனாமியில் போனவர்களின் நினைவாக இப்படியே இருக்கட்டும் என்றார். உப்பு அரித்த அந்த இரும்பைச் சுத்தம் செய்ய யாருக்கு மனசு வரும்?

கேள்வி: பழைய ஹெல்மெட், கண்ணாடி, பேட்ஜ் எல்லாம் எதற்கு? வண்டி பார்க்கத்தானே போகிறோம்?

பதில்: தயவுசெய்து அந்த அலமாரிகளைத் தாண்டிப் போகாதீர்கள். 1935-ல் ‘லாரன்ஸ் ஆஃப் அரேபியா’ என்று பெயர்பெற்ற டி.இ. லாரன்ஸ் தன் பிரஃப் சுப்பீரியர் பைக்கில் போகும்போது, எதிர்பாராமல் தென்பட்ட இரண்டு சைக்கிள் சிறுவர்களுக்காக ஒதுங்கப்போய் விழுந்தார். தலையில் ஹெல்மெட் இல்லை, ஆறு நாளில் இறந்தார். அவருக்குச் சிகிச்சை பார்த்த டாக்டர்களில் ஒருவரான மூளை அறுவை நிபுணர் ஹியூ கெய்ர்ன்ஸ் அதற்குப் பின் பைக் ஓட்டிகளின் தலைக்காயங்களை ஆராய்ந்து 1941-ல் கட்டுரை வெளியிட்டார், அதே வருடம் பிரிட்டிஷ் ராணுவம் தன் பைக் வீரர்களுக்கு ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது. அலமாரியில் இருக்கும் தோல் தொப்பிக்கும் அதற்குப் பக்கத்தில் இருக்கும் கெட்டி ஹெல்மெட்டுக்கும் நடுவில் இவ்வளவு இருக்கிறது.

கேள்வி: தொட்டுப் பார்க்கலாமா? ஏறி உட்காரலாமா?

பதில்: கேட்காமல் வேண்டாம். கை வேர்வை பட்டால் உலோகம் மங்கும், பழைய ரப்பரும் தோலும் லேசாக அழுத்தினாலே வெடித்துவிடும். உட்கார்ந்து பார்க்கவென்றே தனியாக வண்டி வைத்திருக்கும் மியூசியங்கள் உண்டு, அங்கே ஆசை தீர உட்காருங்கள். எஞ்சினைக் கிளப்பிக் காட்டும் நாள் ஏதாவது உண்டா என்றும் முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள், இருந்தால் வேறு நாளில் போகவே போகாதீர்கள்.