ஒன்றில் முடிந்தால் முதன்மை எண்ணா?

கேள்வி: மகள் தரம் 9 படிக்கிறாள். 12345678987654321 முதன்மை எண்ணா என்று ரியூசனில் கேட்டுவிட்டிருக்கிறார்கள். வீட்டுக் கல்குலேட்டரில் பதினேழு இலக்கமும் அடங்கவில்லை. "கடைசியில் 1 இருக்கிறது, இரண்டாலும் வகுபடாது, ஐந்தாலும் வகுபடாது, அப்ப முதன்மை எண்தான்" என்கிறார் என் கணவர். சரியா?
— ஒரு வாசகி, வெள்ளவத்தை

பதில்: உங்கள் கணவரிடம் 91ஐக் காட்டுங்கள். அதுவும் ஒன்றில்தான் முடிகிறது, ஆனால் அது 7 × 13.

இதற்குக் கல்குலேட்டரே தேவையில்லை. இலக்கங்களைக் கூட்டிப் பாருங்கள், 81 வரும். 8ஐயும் 1ஐயும் கூட்டினால் இலக்கச் சுட்டி 9, ஆகவே எண் ஒன்பதால் மீதியின்றி வகுபடும். முதன்மை எண் இல்லை, கதை முடிந்தது.

ஆனால் ரியூசன் ஆசிரியர் இந்த எண்ணைச் சும்மா எடுத்திருக்க மாட்டார், இது ஒரு நிறைவர்க்கம். மகளின் சதுரக் கொப்பியில் ஒன்பது ஒன்றுகளை, அதாவது 111111111ஐ, அதே எண்ணால் பெருக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு வரியிலும் அதே ஒன்பது ஒன்றுகள்தான், ஒரு கட்டம் இடப்பக்கம் தள்ளித் தள்ளி ஒன்பது வரிகள் வரும், பிறகு நிரல் நிரலாகக் கூட்டினால் ஓரத்தில் 1, அடுத்தது 2, அப்படியே ஏறி நடுவில் 9, பிறகு இறக்கம். எந்த நிரலிலும் கூட்டல் ஒன்பதைத் தாண்டாததால் அடுத்த நிரலுக்குக் கொண்டுபோக ஒன்றும் மிஞ்சாது, அழகு கெடாமல் நிற்பது அதனால்தான். பத்து ஒன்றுகளை வைத்துச் செய்தால் நடுவில் 10 வந்து பக்கத்து இலக்கங்களையும் குழப்பி 1234567900987654321 என்று ஆகிவிடும்.

முதன்மைக் காரணிகளா? 111111111 என்பது 111 × 1001001. முதலாவது 3 × 37, இரண்டாவது 3 × 333667. இந்த 333667 முதன்மை எண், நம்பாவிட்டால் 577 வரையுள்ள 106 முதன்மை எண்களாலும் வகுத்துப் பார்க்கலாம், எனக்குப் பொறுமையில்லை. நமக்கு வேண்டியது வர்க்கம் என்பதால் அடுக்குகளை இரட்டிக்க வேண்டும்: 3இன் அடுக்கு 4, மற்ற இரண்டுக்கும் 2. அடுக்குகளோடு ஒவ்வொன்று கூட்டிப் பெருக்கினால், 5 × 3 × 3, மொத்தம் 45 காரணிகள். காரணிகள் வழக்கமாகச் சோடி சோடியாக வரும், இங்கே 111111111க்குச் சோடி அதுவேதான், அதனால்தான் ஒற்றை எண்ணிக்கை.

அப்புறம் ஒரு விஷயம். நடுவில் ஒரு 10ஐச் சொருகி 12345678910987654321 என்று எழுதினால், அந்த இருபது இலக்கம் உண்மையிலேயே முதன்மை எண். கொப்பியில் வகுத்துச் சரிபார்க்கக் கிளம்பினால் சுமார் 351 கோடி வரைக்கும் போக வேண்டியிருக்கும். இதுவும் ஒன்றில்தான் முடிகிறது, கணவரிடம் சொல்லிவிடாதீர்கள்.