நெட்டி மாலையைப் பின்தொடர்ந்து போங்கள்

கேள்வி: கும்பகோணம் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. கவின்கலையில் இளங்கலை இறுதியாண்டு படிக்கிறேன். மேற்கொண்டு டிசைன் படிக்க ஆசை, அதிலும் சுற்றுச்சூழலையும் சமூகப் பொறுப்பையும் சேர்த்துப் படிக்க வேண்டும். இதற்கென்று தனிப் படிப்பு இருக்கிறதா? இறுதியாண்டு ப்ராஜெக்டுக்கு மூங்கில் பிரஷ், மறுசுழற்சிக் காகிதப் பை என்று யோசித்திருக்கிறேன். போதுமா? "இதைப் படிச்சா என்ன வேலை கிடைக்கும்?" என்று அப்பா கேட்கிறார்.

பதில்: ப்ராஜெக்ட் பற்றிய கேள்வியை முதலில் எடுக்கிறேன். போதாது. கோபித்துக்கொள்ளாதீர்கள். எங்கிருந்தோ வந்த மூங்கில் பிரஷை யார் செய்தார், என்ன கூலிக்குச் செய்தார் என்று உங்களால் போய்ப் பார்க்க முடியாது. பார்க்க முடியாத பொருளைப் பற்றி "இயற்கைக்கு உகந்தது" என்று எழுதினால் அது விளம்பர வாசகம்தான்.

பஸ் ஏறினால் போய்விடும் தூரத்தில் நரசிங்கம்பேட்டை இருக்கிறது. நாதஸ்வரத்துக்குப் பேர்போன ஊர், 2022இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அதே ஊரில் மாட்டுப் பொங்கலுக்கு மாடுகளின் கழுத்தில் போடும் நெட்டி மாலை செய்கிறார்கள். நெட்டி ஏரி குளங்களில் வளரும் செடி. தண்டின் மேல்தோலைச் சீவினால் உள்ளே வெள்ளைவெளேரென்று தக்கை, கையில் வைத்தால் எடையே தெரியாது. அதைத் துண்டு போட்டு, சாயம் ஏற்றி, காயவைத்து, தாழை நாரில் கோத்துவிடுவார்கள். தஞ்சாவூரில் பெரிய கோயில் மாதிரியைச் செதுக்கிக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பதும் இதே நெட்டியில்தான்.

இந்த ஒரு மாலையை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை பின்தொடருங்கள். செடி எந்தக் குளத்தில் வெட்டப்படுகிறது, அந்தக் குளத்தில் அடுத்த வருஷமும் தண்ணீர் நிற்குமா? வெட்டுகிறவர் யாருக்குப் பணம் கட்டுகிறார்? சாயப்பொடி எங்கே வாங்கியது, மிச்சத் தண்ணீரை எந்த வாய்க்காலில் கொட்டுகிறார்கள்? மாடு நக்கினால் என்ன ஆகும்? ஒரு மாலைக்கு எத்தனை துண்டு, கோக்க எவ்வளவு நேரம், வியாபாரி என்ன கொடுக்கிறார், சந்தையில் என்ன விலைக்குப் போகிறது? அப்புறம், காணும் பொங்கல் காலையில் நோட்டோடு தெருவில் நடங்கள். கழற்றிப் போட்ட மாலைகளில் நெட்டி எத்தனை, பிளாஸ்டிக் எத்தனை என்று எண்ணுங்கள். நெட்டி மட்கிவிடும். பிளாஸ்டிக் பூ அதே மாட்டின் வயிற்றுக்குள்ளேயே போனாலும் போகும். மலிவாகக் கிடைக்கும் பிளாஸ்டிக்கை ஒரு விவசாயி ஏன் வாங்குகிறார் என்பதை அவரைத் திட்டாமல் எழுத முடிந்தால் உங்கள் ப்ராஜெக்ட் பாதி முடிந்தது.

இந்தக் கேள்விகள் நான் கண்டுபிடித்தவை இல்லை. 1958இல் அமெரிக்க வடிவமைப்பாளர்கள் சார்ல்ஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதி நம் அரசுக்கு ஓர் அறிக்கை கொடுத்தார்கள். இந்தியாவில் பார்த்த பொருள்களில் அவர்கள் மிகவும் வியந்தது தண்ணீர்ச் செம்பை. எவ்வளவு தண்ணீர் பிடிக்கும், இடுப்பிலா தலையிலா தூக்குவது, ஊற்றும்போது எப்படிச் சாயும், செய்ய என்ன செலவு, உடைந்த பிறகு அந்த உலோகத்துக்கு என்ன மதிப்பு என்று அடுக்கிக்கொண்டே போகிறார்கள். பாத்திரக் கடைத் தெருவில் வளர்ந்த கும்பகோணத்துக்காரருக்குக் கடைசிக் கேள்வியை விளக்க வேண்டாம். பழைய பித்தளையை எடைக்குப் போட்டுப் புதுசு வாங்குவது நம் வீட்டு வழக்கம்தானே! அந்த அறிக்கையை ஒட்டித்தான் 1961இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம், அதாவது என்.ஐ.டி., தொடங்கப்பட்டது.

சமூகப் பொறுப்பு என்ற பகுதியில் நானே சறுக்கியவன். மாணவனாக இருந்தபோது நெட்டிக் கோயில்களுக்குக் கண்ணாடிப் பெட்டி கனமாக இருக்கிறது, உடைகிறது என்று வாழைநாரில் பெட்டி செய்து கொடுத்தேன். கல்லூரியில் பாராட்டு. ஐப்பசி மழையில் பெட்டி முழுக்கப் பூஞ்சை. "தம்பி, பெட்டி நல்லாத்தான் இருக்கு. இப்ப பொம்மையை விட்டுட்டுப் பெட்டிக்கு வைத்தியம் பாக்குறேன்" என்றார் கலைஞர். அவர் பட்டறையில் ஒரு மழைக்காலம்கூட நான் இருந்ததில்லை. அவர் நேரத்துக்குக் கூலியும் கொடுக்கவில்லை. நீங்கள் போகும் நாளுக்கு அவர்கள் இழக்கும் வருமானத்தைக் கணக்குப் போட்டுக் கொடுங்கள். படம் எடுக்குமுன் கேளுங்கள். எழுதியதைத் தமிழில் அச்செடுத்து அவர்களிடம் படித்துக் காட்டி, தப்பு சொன்னால் திருத்துங்கள்.

பொங்கல் தாண்டிவிட்டால் பட்டு நெசவு ஊரான திருபுவனம் போகலாம். கச்சாப் பட்டு நூலை சோப்புத் தண்ணீரில் வேகவைத்துப் பசை நீக்கும்போது எடையில் ஏறக்குறைய கால்பங்கு கரைந்துபோகும். அந்தத் தண்ணீரும் சாயத் தண்ணீரும் எங்கே போகின்றன என்ற ஒரே கேள்விக்கு ஒரு வருஷம் போதாது.

சரி, படிப்பு. படிப்பின் பெயரில் 'சஸ்டைனபிலிட்டி' இருக்கிறதா என்று தேடாதீர்கள். பாடத்திட்டத்தில் களப்பணி எத்தனை வாரம், கைவினை ஆவணப்படுத்தல் உண்டா என்று பாருங்கள். என்.ஐ.டி.யில் அது உண்டு, நிஃப்ட் எனப்படும் தேசிய ஃபேஷன் தொழில்நுட்ப நிறுவன மாணவர்களும் கைவினை ஊர்களுக்குப் போய்த் தங்குகிறார்கள். முதுகலைக்கு என்.ஐ.டி.யின் டாட் தேர்வு ஒன்று, மும்பை ஐ.ஐ.டி. நடத்தும் சி.இ.இ.டி. இன்னொன்று. பின்னதை இறுதியாண்டு மாணவர்களும் எழுதலாம், வயது வரம்பு கிடையாது. கேள்வித்தாள் ஆங்கிலத்தில் இருக்கும், பயப்பட வேண்டாம். ஆனால் களக் குறிப்பைத் தமிழிலேயே எழுதுங்கள். வெண்கலச் சிலை வார்க்கும் சுவாமிமலையில் அச்சு மண்ணை 'வண்டல்', அளவெடுக்கும் தென்னையோலையை 'ஒடியோலை' என்று சொல்வதை அங்கேயே ஆங்கிலமாக்கினால் பாதி விஷயம் சிந்திவிடும்.

அப்பாவின் கேள்வி நியாயமானது. இந்தப் பெயரில் வேலை விளம்பரம் அதிகம் வராது. பேக்கேஜிங், ஜவுளி, அருங்காட்சியகம், கைவினை நிறுவனங்கள் இவற்றில்தான் வாய்ப்பு. 2024 அக்டோபரில் போலிப் பசுமை விளம்பரங்களுக்கு எதிராக மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வழிகாட்டு நெறிமுறை கொண்டுவந்தது. 'பசுமை' என்று பொட்டலத்தில் போட்டால் அதற்கு ஆதாரம் காட்ட வேண்டும். ஆதாரம் தேடத் தெரிந்தவர் நிறுவனங்களுக்குத் தேவை. உங்கள் போர்ட்ஃபோலியோவில் இருபது அழகான படங்களைவிட, சாயத் தண்ணீர் போகும் வாய்க்காலின் கைவரைபடம் ஒன்று நேர்காணலில் அதிக நேரம் பேசப்படும்.

நரசிங்கம்பேட்டைக்கு மார்கழி தொடக்கத்திலேயே போய்விடுங்கள். போகிக்கு முந்தின வாரம் போனால் வேலை மும்முரத்தில் பேச ஆளிருக்காது. கோக்க ஒரு முழம் நாரைக் கையில் கொடுத்து உட்காரவைத்துவிடுவார்கள், உட்கார்ந்துகொள்ளுங்கள்.