ஸ்டீயரிங் ஒரு பக்கம், இருக்கை ஒரு பக்கம்

கேள்வி: எட்டு மாதங்களுக்கு முன் 2016-ஆம் ஆண்டு மாடல் சிறிய கார் ஒன்றை இரண்டாம் கையாக வாங்கினேன். வாரம் இருமுறை திண்டுக்கல்லிலிருந்து திருச்சிக்கு ஓட்டிச் செல்கிறேன். ஸ்டீயரிங் என் நெஞ்சுக்கு நேராக இல்லாமல் இடப்பக்கம் தள்ளியிருப்பதுபோல் தோன்றுகிறது. மணப்பாறையை எட்டும்போதே வலது இடுப்பும் இடது தோளும் வலிக்கத் தொடங்கிவிடுகின்றன. இரண்டு முறை வீல் அலைன்மென்ட் செய்தும் பயனில்லை. விபத்தில் அடிபட்ட வண்டியை என் தலையில் கட்டிவிட்டார்களோ?
- வாசகர், திண்டுக்கல்

பதில்: அலைன்மென்ட்டுக்குக் கொடுத்த பணம் வீண்தான். நேரான சாலையில் வண்டி நேராகப் போகும்போது ஸ்டீயரிங்கின் கம்பிகள் சாய்ந்து நின்றால், அதைச் சரிசெய்வது அலைன்மென்ட்டின் வேலை. ஸ்டீயரிங் முழுவதுமே உங்களுக்கு விலகி நிற்பது வேறு கோளாறு; அதை முன்சக்கரங்களில் தேடினால் கிடைக்காது.

விபத்து என்று முடிவுகட்டுவதற்கு முன், இதே மாடல் கார் வைத்திருக்கும் ஒருவரிடம் கேட்டு, அதில் ஐந்து நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். நம் ஊர்க் கார்களில் ஓட்டுநரின் வலது கால் நீள வேண்டிய இடத்தை முன்சக்கரத்தின் வளைவு கொஞ்சம் பிடித்துக்கொள்வதால், பெடல்கள் இடப்பக்கம் ஒதுங்கி அமைவது உண்டு. ஸ்டீயரிங் தண்டும் அந்தப் பெடல்களுக்கு நடுவே புகுந்து கீழே இறங்க வேண்டியிருப்பதால், சில மாடல்களில் ஓரிரு விரற்கடை விலகியோ சற்றே கோணலாகவோ பொருத்தப்பட்டிருக்கும். இடப்பக்கம் ஸ்டீயரிங் உள்ள நாடுகளுக்காக வரைந்து, பிறகு நமக்காக வலப்பக்கம் மாற்றிய கார்களில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். அந்தக் காரிலும் அதே விலகல் இருந்தால், அது வண்டியின் பிறவிக் குணம்.

இருப்பினும், நீங்கள் சொல்லும் வலி என்னை வேறொரு பக்கம் பார்க்கச் சொல்கிறது: இருக்கையின் வலது ஓரம். ஒவ்வொரு முறை இறங்கும்போதும் நம் உடம்பின் மொத்தப் பாரமும் அந்த ஓரத்தை அழுத்திக்கொண்டுதான் வெளியே வருகிறது. ஆண்டுக்கணக்கில் இப்படி நசுங்கிய ஃபோம் அமுங்கி, அடியிலுள்ள கம்பிகளும் தளர்ந்துவிட்டால், உட்கார்ந்தவரின் வலது இடுப்பு இறங்கி, உடம்பு வலப்பக்கம் சாய்கிறது. அப்போது ஸ்டீயரிங் இடப்பக்கம் போய்விட்டதாகத் தோன்றும். உண்மையில் விலகியவர் நீங்கள்தான். விலகிய தூரத்தை இடது கை எட்டிப் பிடிக்க வேண்டியிருப்பதால் தோள் வலிக்கிறது. புதிதாகத் தைத்த சீட் கவர் இந்தப் பள்ளத்தை அழகாக மறைத்துவிடும் என்பதால், கண்ணால் பார்த்து ஏமாறாதீர்கள். கவரைக் கழற்றிவிட்டு இரண்டு ஓரங்களையும் ஒரே நேரத்தில் முஷ்டியால் அழுத்துங்கள். வலப்பக்கம் சட்டென்று உள்ளே போனால் ஐயம் பாதி தீர்ந்தது. ஒரு துண்டை விரல் கனத்துக்கு மடித்து, நழுவிப் பெடலுக்கடியில் போய்விடாதபடி கவருக்குள் வலப்பக்கமாகச் செருகி, ஊருக்குள்ளேயே சற்று தூரம் ஓட்டிப் பாருங்கள். ஸ்டீயரிங் நடுவுக்கு வந்துவிட்டால், நல்ல குஷன் கடையில் ஃபோமை மாற்றினால் போதும். (வலது பின் பாக்கெட்டில் தடித்த பர்ஸ் வைத்துக்கொண்டு சோதிக்க வேண்டாம், பள்ளத்தை அது நிரப்பிவிடும்.)

விபத்துச் சந்தேகத்துக்கு இருக்கையின் தண்டவாளங்களைப் பாருங்கள். சாய்மானத்தைப் பிடித்து உலுக்கும்போது ஒரு பக்கம் மட்டும் ஆடினாலோ, முன்பின் நகர்த்திவிட்டு விட்டபோது ஒரு பக்கம் மட்டும் பூட்டிக்கொண்டாலோ, அதைச் சரிசெய்யாமல் நெடுஞ்சாலையில் ஏறக் கூடாது. தண்டவாளம் வளைந்திருந்தாலும், தரைத்தகட்டில் புதிதாகப் பற்றவைத்த தடம் தெரிந்தாலும் பாடி ஒர்க்‌ஷாப்பில் காட்டுங்கள். இருக்கைக்கு அடியில் மஞ்சள் நிற இணைப்பான் இருந்தால், அது ஏர்பேக் சார்ந்தது. குஷன் கடைக்காரர் அதைப் பிடுங்க விடாதீர்கள்.

ஃபோம் சரியான பிறகு இருக்கையையும் புதிதாக அமையுங்கள். இடுப்பைச் சாய்மானத்தில் ஒட்டி உட்கார்ந்து, கிளட்சை முழுவதும் மிதித்த நிலையிலும் முழங்கால் சற்று மடங்கியிருக்குமாறு இருக்கையை நகர்த்துங்கள். பிறகு, தோள் சாய்மானத்தை விட்டு விலகாமலேயே மணிக்கட்டு ஸ்டீயரிங்கின் உச்சியில் படியும்படி சாய்மானத்தை நிமிர்த்துங்கள். ஸ்டீயரிங்கின் நடுவுக்கும் மார்பெலும்புக்கும் இடையே 25 சென்டிமீட்டராவது இருக்க வேண்டும். சிறிய கார்கள் பலவற்றில் ஸ்டீயரிங்கை மேலும் கீழும்தான் அசைக்க முடியும், நம்மை நோக்கி இழுக்க முடியாது. காலுக்குச் சரியான தூரம் கைக்குச் சரியாக வராதபோது, சாய்மானத்தை நிமிர்த்துவதுதான் ஒரே வழி.

கேள்வி: என் மனைவி உயரம் குறைவானவர். இருக்கையில் தலையணை போட்டு ஓட்டுகிறார். சரியா?
- வாசகர், கரூர்

பதில்: மெத்தென்ற தலையணை வேண்டவே வேண்டாம். திடீரென்று பிரேக் பிடித்தால் அது நசுங்கி முன்னே நழுவும். இடுப்பெலும்பைப் பிடிக்க வேண்டிய சீட் பெல்ட் வயிற்றின் மேல் ஏறிவிடும். உயரம் கூட்டும் நெம்புகோல் இருக்கையின் பக்கவாட்டில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அது இருப்பதே தெரியாமல் பலர் தலையணை வாங்குகிறார்கள். இல்லையென்றால், அமுங்காத கெட்டியான குஷனை இருக்கையோடு சேர்த்துக் கட்டி, பெல்ட் தொடையின் மேற்புறத்தை ஒட்டிப் படிகிறதா என்று பார்த்துவிட்டு ஓட்டச் சொல்லுங்கள்.