வாழைக்கு எந்த ழை? – வீட்டுப்பாடக் கேள்வி பதில்

கேள்வி: மகள் இரண்டாம் வகுப்பு. வாரம் பத்துச் சொல் கொடுத்து, ஒவ்வொன்றையும் பத்து முறை எழுதிவரச் சொல்கிறார்கள். அழுதுகொண்டே எழுதுகிறாள். முடித்த அரை மணியில் கேட்டால் மறுபடியும் 'வாளை' என்றுதான் எழுதுகிறாள்.
– வாசகி, கரூர்

பதில்: அவள் எழுதும்போது ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து பென்சில் போகும் வழியைப் பாருங்கள். முதலில் 'வா' மட்டும் மேலிருந்து கீழே பத்து. அப்புறம் அதன் பக்கத்தில் 'ழை' பத்து. முக்கால்வாசிப் பிள்ளைகள் இப்படித்தான் எழுதுவார்கள். சீக்கிரம் முடிக்க அவர்களே கண்டுபிடித்த வழி; கெட்டிக்காரத்தனம் என்றுகூடச் சொல்லலாம். ஆனால் 'வாழை' என்ற சொல் முழுசாக ஒரு தடவைகூட மனசுக்குள் போய் வெளியே வரவில்லை. இரண்டாவது வரியில் 'ளை' விழுந்தால் மிச்சம் எட்டு வரியும் 'ளை'தான்.

நோட்டில் பத்து முறை வேண்டுமென்றால் வரட்டும், வரிசையை மட்டும் மாற்றுங்கள். பத்துச் சொல்லையும் ஒரு முறை எழுதினால் அது ஒரு சுற்று. மாலையில் ஒரு சுற்று, காலையில் பள்ளிக்குக் கிளம்புமுன் ஒரு சுற்று. ஐந்து நாளில் பத்து வந்துவிடும். எண்ணிக்கை குறையவில்லை என்று ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஒவ்வொரு சொல்லுக்கும் இதுதான் முறை: வாய்விட்டு வாசிக்க வேண்டும். எந்த எழுத்தில் ஏமாறுவோம் என்று அவளே விரல் வைத்துக் காட்ட வேண்டும். பிறகு ஒரு அட்டையால் சொல்லை மூடிவிட்டு எழுத வேண்டும். அட்டையை எடுத்து ஒப்பிட வேண்டும். தப்பாக இருந்தால் அந்த எழுத்தை மட்டும் அழித்துத் திருத்த விடாதீர்கள். மறுபடி மூடி, முழுச் சொல்லையும் எழுதட்டும். மூடாமல் எழுதினால் இத்தனையும் வீண், அது வெறும் காப்பி. ஒரு சுற்று பத்து நிமிடத்தைத் தாண்டினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

கேள்வி: நோட்டு, பென்சிலைப் பார்த்தாலே ஓடுகிறான் ஒன்றாம் வகுப்புப் பையன். விளையாட்டாகச் சொல்லித்தர என்னவெல்லாம் வாங்க வேண்டும்?
– வாசகி, தேனி

பதில்: எதுவும் வாங்க வேண்டாம். அடர்நிறத் தட்டு ஒன்று, கால் கிலோ ரவை. தட்டில் ஒரு நெல்மணி உயரத்துக்குப் பரப்புங்கள். அதற்கு மேல் போனால் விரல் போன தடம் இரண்டு பக்கமும் சரிந்து மூடிக்கொள்ளும். குறைந்தால் ஓரமெல்லாம் தெளிவில்லாமல் போகும். மைதாவும் அரிசி மாவும் விரலில் ஒட்டும். உப்பு வேண்டவே வேண்டாம், நகக்கண்ணில் எரியும். எவர்சில்வர் தட்டில் எழுத்து எடுப்பாகத் தெரியாது. வாரச் சொற்கள் எல்லாவற்றையும் இதில் எழுதவைக்காதீர்கள். அவன் தடுமாறுகிற மூன்று போதும். எழுதியதும் தட்டைக் குலுக்கி அழிப்பதுதான் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். அந்த நொடியில், "போச்சே, இன்னொரு தடவை வருமா?" என்று கேளுங்கள். பார்க்காமல் எழுதும் பயிற்சி அங்கேயே நடந்துவிடும்.

இரண்டாவது, எழுத்துச் சில்லு. அலமாரியில் கிடக்கும் பழைய கல்யாணப் பத்திரிகை அட்டைகளை 3 செ.மீ. சதுரமாக வெட்டுங்கள். 247 எழுத்துக்கும் செய்ய உட்கார்ந்தால் நீங்கள்தான் முதலில் களைத்துப்போவீர்கள். அந்த வாரச் சொற்களுக்கு வேண்டிய முப்பது, நாற்பது போதும். கால் (ா), கொம்பு (ெ, ே, ை) இவற்றைத் தனிச் சில்லாக எழுதுங்கள். தலைகீழாகத் திரும்பாமலிருக்க ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு கோடு இழுத்துவிடுங்கள்.

'தோசை' என்று சொல்லிப் பாருங்கள். இரட்டைக் கொம்பு, த, கால், இணைக்கொம்பு, ச என ஐந்து சில்லு. பிள்ளை பெரும்பாலும் முதலில் 'த'வைத்தான் எடுப்பான். காதில் முதலில் விழுவது அதுதானே? தமிழில் கொம்பின் ஒலி மெய்க்குப் பின்னால் வரும், எழுத்தில் மட்டும் முன்னால் நிற்கும். 'தொ'வைத் 'தெ' என்று எழுதுவதும், கொம்பைப் போட்டுவிட்டுக் காலை மறப்பதும் கவனக்குறைவு அல்ல, இந்தக் குழப்பம்தான். நான்கைந்து நாள் சில்லை நகர்த்தி நகர்த்தி வைத்தால், கொம்பு முன்னே கால் பின்னே என்பது கைக்குப் பழகிவிடும். நோட்டில் தப்பினால் அழிக்க வேண்டும், சில்லில் நகர்த்தினால் போதும். பயம் விடுவதற்குப் பாதிக் காரணம் அதுதான்.

கேள்வி: வீட்டில் எல்லாருமே 'பளம்', 'வாளை' என்றுதான் பேசுவோம். டிக்டேஷன் சொல்லிக்கொடுப்பது மாமியார். ல, ள, ழ மட்டுமல்ல, ன, ண, ந மூன்றும் சேர்ந்து படுத்துகின்றன.
– வாசகி, மதுரை

பதில்: மாமியார் பேச்சைத் திருத்தப் போகாதீர்கள். பேச்சு பேச்சாக இருக்கட்டும், டிக்டேஷன் சொல்லும் அந்த ஐந்து நிமிடம் மட்டும் நாக்கு வேறு வேலை செய்ய வேண்டும். ல என்றால் நாக்கு நுனி மேல்பல்லின் அடியைத் தொடும். ள என்றால் நுனி மேலே மடங்கி அண்ணத்தைத் தொடும். ழ என்றால் மடங்கும், ஆனால் தொடாமல் நிற்கும். கண்ணாடி முன் பிள்ளையையும் நிறுத்திச் செய்யச் சொல்லுங்கள், சிரித்துக்கொண்டே கற்றுக்கொள்வார்கள்.

மூன்றையும் ஒரே நாளில் எடுப்பதுதான் பலர் செய்யும் தப்பு. சேர்த்துச் சொன்னால் சேர்ந்தே குழம்பும். ஒரு நாளைக்கு ஒரு ஜோடி: 'புலி', 'புளி' இரண்டையும் சீட்டில் எழுதி வைத்து, "ரசத்துக்குக் கரைக்கிறது எது?" என்று கேளுங்கள், எடுக்கட்டும். மறுநாள் 'வெல்லம்', 'வெள்ளம்': பொங்கலில் போடுவது எது, ஆற்றில் வருவது எது? டிக்டேஷனிலும் தனிச் சொல்லாகச் சொல்லாமல், "ரசத்துக்குப் புளி" என்று சேர்த்தே சொல்லுங்கள்.

இன்னொரு சௌகரியம், ழகரமும் சின்ன ரகரமும் இரட்டிக்காது. 'பள்ளி', 'கிள்ளு' என்று அழுத்தி வந்தால் அங்கே ழ இல்லை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம்.

ன, ந இரண்டும் இன்று நம் காதுக்கு ஒன்றுதான். எத்தனை முறை உரக்கச் சொன்னாலும் பிள்ளைக்கு வித்தியாசம் கேட்காது. 'ரெண்டு சுழி, மூணு சுழி' என்பதும் வடிவத்தைத்தான் சொல்கிறது, இடத்தைச் சொல்வதில்லை. பழைய பெயர்கள் இடத்தையே சொல்லும்: டண்ணகரம், தந்நகரம், றன்னகரம். ட பக்கத்தில் ண், த பக்கத்தில் ந், ற பக்கத்தில் ன். நண்டு, பந்து, கன்று. இதைக் கூட்டாளி விளையாட்டாக ஆக்குங்கள்: நீங்கள் 'டு' சில்லை வைத்தால் அதன் கூட்டாளியை அவன் தேடி வைக்க வேண்டும். இரண்டே நாளில் 'வன்டி' நின்றுவிடும். சொல்லின் முதலில் வந்தால் எப்போதும் ந; ன, ண இரண்டும் சொல்லைத் தொடங்காது. 'பேன்ட்', 'சென்ட்' மாதிரி வெளியிலிருந்து வந்த சொற்களுக்குக் கூட்டாளிக் கணக்குப் பொருந்தாது, அதையும் சொல்லிவைத்துவிடுங்கள். இல்லையென்றால் உங்களையே மடக்குவான்.

கேள்வி: மூன்றாம் வகுப்பு மகன் 'முயற்ச்சி' என்கிறான், 'வாழ்கை' என்கிறான். ஒன்றில் கூடுகிறது, ஒன்றில் குறைகிறது.
– வாசகர், திருவாரூர்

பதில்: சுவரொட்டிகளிலும் இதே இரண்டு தப்பும் இருக்கின்றன, பையனை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. ற், ட் இரண்டுக்கும் அடுத்து இன்னொரு புள்ளி எழுத்து வராது: முயற்சி, பயிற்சி, காட்சி. ர், ழ், ய் மூன்றுக்கும் பிறகு வரலாம்: வளர்ச்சி, வாழ்க்கை, வாய்க்கால். வரலாம் என்றுதான் சொல்கிறோம். 'வாழ்க' என்பதில் வராது. அங்கே கைதட்டிப் பிரித்துச் சொல்ல வேண்டியதுதான்: வாழ்க்–கை, வளர்ச்–சி. தட்டுக்கு முன்னால் மூச்சு அடைத்து நின்றால் அங்கே ஒற்று இருக்கிறது.

கேள்வி: செய்தித்தாளில் வருவதுபோல் 'தவறான சொல்லைக் கண்டுபிடி' விளையாடலாமா?
– வாசகி, ஈரோடு

பதில்: இந்த வயதில் வேண்டாம். சரியான வடிவம் கண்ணில் உறைவதற்கு முன்னால் தப்பு வடிவத்தைக் காட்டினால் எது உறையும் என்பது நம் கையில் இல்லை. சரியான இரண்டில் எது என்று கேட்கலாம், புலி–புளி போல.

கேள்வி: ஆங்கில ஸ்பெல்லிங்குக்கும் இதெல்லாம் உதவுமா?
– வாசகர், ஆம்பூர்

பதில்: மூடி எழுதுவதும் ரவைத் தட்டும் அப்படியே உதவும். உச்சரிப்பில் விழாத எழுத்துக்கு மட்டும் தனி வைத்தியம்: எழுதியிருக்கிற மாதிரியே வேண்டுமென்றே தப்பாக வாசிப்பது. புதன்கிழமையை வீட்டுக்குள் 'வெட்–நெஸ்–டே' என்றே சொல்லட்டும், கத்தியை 'க்னைஃப்' என்று சொல்லட்டும். வகுப்பில் வாசிக்கும்போது சரியான உச்சரிப்பு, எழுதும்போது மனசுக்குள் இந்த உச்சரிப்பு. இரண்டையும் கலக்காமல் வைத்துக்கொள்ளப் பிள்ளைகளுக்கு இரண்டு நாள்தான் பிடிக்கும்.