பக்கத்து செல் இல்லாம பார்வை இல்ல

சார் வணக்கம்,
ஒரே சாம்பல் கலர் பேப்பர ரெண்டா வெட்டி ஒண்ண வெள்ளை மேலயும் இன்னொண்ண கருப்பு மேலயும் வெச்சேன். வெள்ளை மேல இருக்கறது நல்லாவே இருட்டா தெரியுது. கண்ணு கேமரா மாதிரின்னுதானே படிச்சோம், அப்ப இது மூளை பண்ற தப்பா?
ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

தப்பு இல்ல. அந்த கேமரா கதையதான் நாம விடணும். கேமரால ஒவ்வொரு புள்ளியும் தன்மேல விழுந்த வெளிச்சத்த மட்டும் பதிவு பண்ணும். நம்ம கண்ணுல அப்படி கிடையாது. 1953ல ஸ்டீபன் கஃப்ளர்னு ஒரு நரம்பியல் விஞ்ஞானி பூனையோட விழித்திரைல இத காட்டினார், ஒரு செல்லுக்கு நேரா நடுவுல சின்னதா லைட் அடிச்சா அது படபடன்னு சிக்னல் அனுப்புது, அதே லைட்ட சுத்தி இருக்கற வளையத்துல அடிச்சா அடங்கிடுது, முழு இடத்துலயும் அடிச்சா பெருசா ஒண்ணும் சொல்ல மாட்டேங்குது (இதுக்கு நேர் எதிரா வேலை செய்யற செல்லும் உண்டு). அதாவது அந்த செல் சொல்றது வெளிச்சத்த இல்ல, அக்கம்பக்கத்துக்கும் தனக்கும் உள்ள வித்தியாசத்த. சுத்தி வெள்ளை இருந்த உங்க பேப்பர் இருட்டா தெரிஞ்சதுல இதுக்கும் ஒரு பங்கு இருக்கு. ஒவ்வொரு கண்ணுலயும் வெளிச்சத்த வாங்கற செல் சுமார் 10 கோடி, மூளைக்கு போற நரம்பிழையோ சுமார் 10 லட்சம்தான், எல்லாத்தையும் அப்படியே அனுப்ப வழியே இல்ல.

மூளைக்குள்ளயும் இதே கதை தொடருது. பார்வைப் புறணில (மூளையோட மேலடுக்குல பார்வைய கவனிக்கற பகுதி) ஒரு செல்லுக்கு குத்துக்கோடு பிடிக்கும், இன்னொண்ணுக்கு சாய்கோடு, இத கண்டுபிடிச்ச ஹ்யூபலுக்கும் வீசலுக்கும் 1981ல நோபல் கிடைச்சுது. இப்ப அந்த செல்லுக்கு பிடிச்ச கோட்ட தனியா காட்டினா நல்லா துடிக்கும், சுத்தியும் அதே மாதிரி கோடுகள நிரப்பிட்டா பெரும்பாலும் சிக்னல் கொறஞ்சிடும், சுத்தி இருக்கறத குறுக்கா திருப்பினா மறுபடி ஏறும். நூறு நேர்கோட்டுக்கு நடுவுல ஒண்ணு மட்டும் சாஞ்சிருந்தா சட்டுனு கண்ணுல படுதே, அதுக்கு இது ஒரு காரணம். அடக்கற வேலைய செய்யறது அடக்கும் நரம்பணுக்கள், புறணில கிட்டத்தட்ட அஞ்சுல ஒரு பங்கு அதுங்கதான்.

எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம் இனிமேதான் இருக்கு. பூனைக்கும் குரங்குக்கும் பார்வைப் புறணில ஒரே கோணத்துல இருக்கற கோடு பிடிச்ச செல்லெல்லாம் ஒட்டி ஒட்டி கூட்டமா இருக்கும். சுண்டெலிக்கு உப்பும் மிளகும் கலந்த மாதிரி எல்லாம் கலந்து கிடக்கு. சரி, எலிக்கு பார்வை மந்தம், அதனாலன்னு நெனச்சா, நல்லா கண்ணு தெரியற அணிலுக்கும் அப்படியேதான்! ஆனா சுண்டெலி மூளைய ஆராஞ்சு 2011ல வந்த ஒரு ஆய்வு, கலந்து கிடந்தாலும் ஒரே கோணம் பிடிச்ச செல்லுங்களுக்கு நடுவுலதான் இணைப்பு அதிகம்னு காட்டுச்சு. ஒட்டி உக்காந்திருக்கற செல்லோட பேச்சு இல்லாம இருக்கலாம், நாலு செல் தள்ளி இருக்கறதோட நெருக்கமா இருக்கலாம். அதனால ஒரு செல்லுக்கு யார் அக்கம்பக்கம்னு தூரத்த வெச்சு மட்டும் சொல்லிட முடியாது, யாரோட யாருக்கு இணைப்புன்னும் பாக்கணும்.

ஒண்ணு செஞ்சு பாருங்க. ஒரு அட்டைல ரெண்டு ஓட்டை போட்டு, சாம்பல் மட்டும் தெரியற மாதிரி அந்த ரெண்டு துண்டு மேலயும் வைங்க. ரெண்டும் ஒண்ணாயிடும்.