வாசகர் கேள்வி – பதில்: பெல்லட் அடுப்புக்கு வந்த மூப்பு

கேள்வி: பெங்களூரு அல்சூரில் சிறிய மெஸ் ஒன்றை நடத்தி வருகிறேன். இட்லிக் கொப்பரைக்கும் சாம்பார் அண்டாவுக்கும் மூன்று ஆண்டுகளாக மின்விசிறி பொருத்திய பெல்லட் அடுப்பையே (மரத்தூள், உமி போன்றவற்றை அழுத்திச் செய்த சிறு குச்சிகளை எரிக்கும் அடுப்பு) பயன்படுத்துகிறோம். முன்பு 20 நிமிடத்தில் ஆவி வந்துவிடும் கொப்பரைக்கு இப்போது 35 நிமிடம் ஆகிறது. அண்டாவின் அடியில் கரி அப்புகிறது; பெல்லட்டும் கூடுதலாகச் செலவாகிறது. பழுது பார்க்க வந்தவர், பெரிய விசிறியாக மாற்றினால் போதும் என்கிறார். மாற்றலாமா, புது அடுப்பே வாங்கிவிடலாமா?
— ஒரு வாசகி, அல்சூர்

பதில்: இப்போதைக்கு இரண்டுமே வேண்டாம். உங்கள் அடுப்பில் ஒரே விசிறிதான் இருக்கிறது என்றாலும் அது ஊதும் காற்று இரண்டு வழியாகப் பிரிந்து இரண்டு வேலைகளைச் செய்கிறது. அடித்தட்டின் துளைகள் வழியே மேலேறும் சிறு பங்கு, பெல்லட்டை அரைகுறையாக எரித்து வாயுவாக மாற்றுகிறது; சுவரின் மேல் விளிம்பில் வரிசையாக உள்ள துளைகள் வழியே வரும் பெரும் பங்கு, அந்த வாயுவைச் சுடராக எரிக்கிறது. இந்தப் பங்கீடு குலைந்தால் வாயுவில் ஒரு பகுதி எரியாமலேயே வெளியேறி, உங்கள் அண்டாவின் அடியில் கரியாகப் படிகிறது. பெரிய விசிறியை வைத்தால் அடித்தட்டுக்கும் கூடுதல் காற்று போய், தணல் மேலும் சூடேறி, ஏற்கெனவே நைந்த தட்டு இன்னும் விரைவில் வீணாகும்.

ஆகவே முதலில் அந்தத் தட்டைக் கழற்றிச் செய்தித்தாளின் மேல் வைத்துத் தட்டிப் பாருங்கள். கருஞ்செதில்கள் அப்பளம்போல் உதிர்ந்தால் இரும்பு எரிந்து மெலிந்துவிட்டது என்று பொருள். அதிகம் சூடேறாத ஓரத்துத் துளையில் சரியாகப் பொருந்தும் டிரில் பிட்டை எடுத்து நடுத்துளையில் விட்டுப் பாருங்கள். ஆட்டம் கொடுத்தால் துளை பெருத்திருக்கிறது. 4 மில்லிமீட்டர் துளை 5 மில்லிமீட்டர் ஆனாலே காற்று செல்லும் பரப்பு ஒன்றரை மடங்கைத் தாண்டிவிடும் என்பதால், கண்ணுக்குத் தெரியாத இந்தத் தேய்மானத்தை அலட்சியம் செய்யக்கூடாது.

புதுத் தட்டைப் பீன்யா தொழிற்பேட்டையில் ஏதாவதொரு பட்டறையில் வெட்டித் தரச் சொல்லலாம். சாதாரண எம்எஸ் (மைல்ட் ஸ்டீல்) தகடு தணலின் சூட்டில் மீண்டும் செதில் விட்டுவிடும். எஸ்எஸ் 304 என்னும் துருப்பிடிக்காத எஃகு அதைவிட மேல். ஆனால் 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் கொண்ட அந்த எஃகைவிட, 25 விழுக்காடு குரோமியமும் 20 விழுக்காடு நிக்கலும் கொண்ட எஸ்எஸ் 310 இத்தகைய வெப்பத்தை நெடுநாள் தாங்கும். விலை கூடுதல்தான், ஆனால் ஒரு சாண் அகலத் தட்டு ஒன்றுக்குத்தானே. இந்த அடுப்பில் தாராளமாகச் செலவு செய்யத் தக்க இடம் இது ஒன்றே என்பது என் கருத்து. 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள தட்டு, தணல் சூட்டில் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் விரியும். அந்த இடைவெளி விடாமல் இறுக்கிப் பொருத்தினால் நடுவில் குடைபோல் வளைந்துவிடும். ஜிங்க் பூசிய தகட்டை மட்டும் எக்காரணம் கொண்டும் உள்ளே வைக்க வேண்டாம். சூட்டில் துத்தநாகம் புகையாகக் கிளம்பி, சமைப்பவருக்குக் காய்ச்சலும் குளிர் நடுக்கமும் வரச் செய்யும்.

அடுத்தது அடுப்புச் சுவரின் உட்பூச்சு. ஆறிய அடுப்பில் விசிறியை மெதுவாக ஓடவிட்டு, எரியும் ஊதுபத்தியைச் சுவரை ஒட்டிச் சுற்றிக் காட்டுங்கள். மேல் துளைகள் இல்லாத இடத்தில் புகை சட்டென விலகினால் அங்கே விரிசல் வழியே காற்று கசிகிறது. மயிரிழை விரிசலை அப்படியே விட்டுவிடலாம். பெரிய விரிசலையும் உதிர்ந்த இடத்தையும் சூளைகளுக்கு விற்கும், வெப்பம் தாங்கும் காஸ்டபிள் கலவையால் அடைக்க வேண்டும். கட்டடச் சிமென்ட் இந்தச் சூட்டில் பொடிந்துவிடும். மூட்டையில் குறித்த அளவுக்கு மேல் ஒரு குவளைகூடத் தண்ணீர் சேர்க்காமல் பிசைந்து, ஒரு நாள் உலரவிட்டு, பிறகு கைப்பிடி பெல்லட்டில் சிறு தீயாக மூட்டி, பல மணி நேரம் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேற்றுங்கள். ஈரம் போகுமுன் முழுத் தீ வைத்தால் உள்ளே அடைபட்ட நீராவி பூச்சைப் பிளந்து தெறிக்க வைக்கும்.

விசிறியைக் கடைசியாகப் பாருங்கள். இறகுகளில் படிந்த சாம்பலை உலர்ந்த தூரிகையால் துடைத்து, அடாப்டர் உரிய வோல்ட்டைத் தருகிறதா என மல்டிமீட்டரில் அளந்த பிறகும் கரகரத்தால், அதே அளவு, அதே வோல்ட், அதே ஆம்பியர் உள்ள விசிறியை எஸ்.பி. ரோட்டின் மின்னணுப் பொருள் கடைகளில் வாங்கிக்கொள்ளலாம். சமையலுக்கு நடுவே மின்சாரம் போனால் காற்று நின்று, சூடு கீழிறங்கி, விசிறியின் பிளாஸ்டிக்கை இளக்கிவிடும். எனவே சிறு பேட்டரி ஒன்றை இணைத்துவைப்பது நல்லது.

வாங்கும் பெல்லட் எதிலிருந்து செய்தது என்றும் கேளுங்கள். நெல் உமியின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாகவே மிஞ்சும். மரத்தூளில் அது மிகக் குறைவு. சாம்பல் உருகிக் கிட்டமாக இறுகித் துளைகளை அடைத்தால், புதுத் தட்டும் பழைய தட்டைப் போலவே நடந்துகொள்ளும். பழுது முடியும்வரை சமையலறைச் சன்னலைத் திறந்தே வையுங்கள். எரியாத வாயுவில் கார்பன் மோனாக்சைடும் இருக்கிறது.

கேள்வி: வீட்டிலுள்ள சிறிய பெல்லட் அடுப்பின் தட்டு ஓட்டையாகிவிட்டது. பழைய அலுமினியத் தட்டில் துளையிட்டுப் பொருத்தலாமா?
— ஒரு வாசகர், ஜாலஹள்ளி

பதில்: கூடாது. அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். தணலின் சூடு அதற்கும் மேல் போகும். மாற்றுத் தட்டு கிடைக்கும்வரை அடுப்பை மூட்டாதிருங்கள்.