செம்பு விளையும் ஜாம்பியாவில் ஏன் இவ்வளவு வறுமை?

தம்பி, வேலைக்கு இங்குள்ள செம்புச் சுரங்க நகரமான கிட்வே வரப்போவதாகச் சொல்லி, "தோண்டினால் செம்பு கிடைக்கிற நாட்டில் ஏன் இத்தனை ஏழைகள்? ஜனங்கள் சோம்பேறிகளா?" என்று கேட்டிருந்தீர்கள். இரண்டாவது கேள்வியை ஊரிலேயே விட்டுவிட்டு வாருங்கள். விடியும் முன்பே சைக்கிளில் ஆளுயரத்துக்குக் கரி மூட்டை கட்டி, மேட்டில் தள்ளிக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்தால் அப்படிக் கேட்க வாய் வராது.

2022 கணக்கெடுப்பின்படி 60 சதவீதம் பேர் வறுமையில் இருக்கிறார்கள், கிராமங்களில் 78.8. ஏற்றுமதி வருமானத்தில் பெரும்பங்கு செம்பிலிருந்துதான். ஆனால் சுரங்கம் வேலை கொடுப்பது கொஞ்சம் பேருக்கே. கிராமத்து ஜனங்கள் மக்காச்சோளத்தை நம்பியிருக்கிறார்கள். சுத்திகரித்த செம்புத் தகடுகளை அடுக்கி, பட்டை போட்டு இறுக்கிய லாரிகள் தான்சானியாவின் தார் எஸ் சலாம் துறைமுகத்துக்குப் போவதைத் தினமும் பார்ப்பீர்கள். பக்கத்து ஊரான லுவான்ஷ்யாவில் கொஞ்சம் கம்பியும் கேபிளும் ஆகிறது. பெரும்பகுதி தகடாகவே வெளியேறுவதால், பொருளாக்கும் கூலி வேறு நாட்டுக்குப் போகிறது.

பெரிய ஓட்டை வரியில். 1997 முதல் 2000 வரை அரசுச் சுரங்கங்களை விற்றபோது, ஒப்பந்தங்களில் ராயல்டி, அதாவது தோண்டும் கனிமத்துக்கு அரசுக்குக் கட்டும் பங்கு, வெறும் 0.6 சதவீதம். 2003இல் டன் 2,000 டாலருக்குள் இருந்த செம்பு 2006இல் 8,000ஐத் தாண்டியது. ராயல்டியை 3 சதவீதமாக்க 2008 ஆயிற்று. அந்த நல்ல வருடங்கள் போனது போனதுதான். இன்னொரு வழி விலைக் குறைப்பு: இங்குள்ள கம்பெனி தன் கூட்டாளிக் கம்பெனிக்கே மலிவாக விற்கும், லாபம் வெளிநாட்டில் பதியும். மோபானி சுரங்கக் கம்பெனி மீதான இப்படியொரு வழக்கில் 2020இல் உச்ச நீதிமன்றம் வரித்துறை பக்கம் நின்று, சுமார் 24 கோடி குவாச்சா (இங்குள்ள நாணயம்) வரியை உறுதிசெய்தது. என்னைக் கேட்டால், புதுச் சுரங்கத்தைவிட இப்படிக் கணக்கைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்த வரி அதிகாரிகள்தான் நாட்டுக்கு முதல் தேவை. கடனும் சேர்ந்து, 2020 நவம்பரில் அரசால் கடன் பத்திர வட்டி கட்ட முடியாமல் போனது.

தீர்வுகள் இல்லாமல் இல்லை. ஒவ்வொரு தொகுதிக்கும் அரசு தரும் வளர்ச்சி நிதி 16 லட்சம் குவாச்சாவிலிருந்து 2022இல் 2 கோடியே 57 லட்சமாக உயர்ந்தது. பெஞ்சு, போர்வெல், படிப்புதவி என ஊருக்கே பணம் வருகிறது. ஒப்புதல் இழுத்தால் அது செலவாகாமல் கிடக்கும். அதே வருடம் மேல்நிலை வரை அரசுப் பள்ளியில் கட்டணம் போனது. வகுப்பறைகள் பிதுங்கினாலும் சரியான முடிவு. விவசாயத்தில் மானிய உரம் நேரத்துக்கு வர வேண்டும். நவம்பர் மழைக்கு விதைக்கும்போது அடியுரம் கையில் இல்லையென்றால், பிறகு யூரியா போட்டும் விளைச்சல் தேறாது. மழை பொய்த்தால் கரிபா அணையில் மின்சாரமும் போய்விடும், 2024இல் போனது போல.

உங்களால் ஆவதும் ஒன்று உண்டு. வீட்டு வேலைக்கு ஆள் வைத்தால் நாப்ஸா என்ற அரசு ஓய்வூதிய நிதியில் பதிவு செய்யுங்கள்: சம்பளத்தில் அவர் பங்கு 5 சதவீதம், உங்கள் பங்கு 5. மருத்துவக் காப்பீட்டுக்கு ஆளுக்கு 1. பலர் இதைக் கட்டாமல் விடுவதால், முதுமையில் அந்த வேலையாட்களுக்கு ஓய்வூதியம் இல்லாமல் போகிறது.